சினிமா சாமியாரும் என் வீட்டுக்காரரும்

தியேட்டர் வாசலில் நின்று சினிமாவைத் திட்டுவதற்கு எந்தச் சேலை கட்ட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நல்லதாக இருக்கட்டுமே என்று, ஈஸ்டருக்கு எடுத்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். வந்தது வினை.

காலைக் காட்சிக்கு இன்னும் நேரமிருந்தது. வெயில் அதற்குள் மண்டையைப் பிளந்தது. உள்ளேயிருந்து பாப்கார்ன் எண்ணெய் வாசனை வந்துகொண்டிருந்தது. எங்கள் மன்றத் தலைவர் அருளப்பன் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவர். ‘விசுவாசத்தோடு விளையாடாதே!’ என்று இரண்டு ஆள் உயரத்துக்குப் பேனர் அடித்துக் கொண்டுவந்திருந்தார். கதாநாயகனின் ரசிகர்களும் அதே கடையில்தான் பேனர் அடித்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே எழுத்து, பின்னணியில் ஒரே நெருப்பு. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நாங்களும் வாழ்த்தத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். தொண்டையைச் செருமினேன். அதற்குள் ஏதோ ஒரு யூடியூப் சேனலிலிருந்து வந்த பெண் முன்னால் வந்து நின்றாள்.

“மேடம், நீங்க படம் பாத்துட்டீங்களா?”

“பாக்கல. பாக்கவும் மாட்டோம். அதுக்குத்தான இந்தப் போராட்டமே.”

“இல்ல மேடம்... டிரெய்லர்ல, சர்ச் சீன்ல, மூணாவது பெஞ்சுல கை தட்டுறது நீங்கதான?”

செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதே மாம்பழ நிறச் சேலை. அதே மூக்குக்கண்ணாடி. கடவுள் இல்லை என்று கத்துகிற ஒருவனைப் பார்த்து, கண் கலங்க, மனமாரக் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

இதை விளக்க அந்தப் பெண்ணின் இரண்டு நிமிடப் பேட்டி போதாது. அதனால் இந்த வாரப் பக்கங்களை இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

பியானோ இல்லாத வீடு

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஜோஸ்பின். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் வட்டாரத்துக் கத்தோலிக்கர்கள் சேர்ந்த பங்குக் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். ‘விசுவாசக் காப்பு மன்றம்’ என்று ஒன்று வைத்திருக்கிறோம். அதற்குச் செயலாளரும் நான்தான்.

மன்றம் எதற்கு என்று கேட்பவர்கள், சினிமாவில் வரும் கிறிஸ்தவர்களை ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆணாக இருந்தால் கடத்தல்காரன். பெண்ணாக இருந்தால் கவுன். வீடு என்றால் கட்டாயம் ஒரு பியானோ. சாமியார் என்றால் பேய் ஓட்டுவார், இல்லாவிட்டால் ‘மை சன்’ என்று தோளைத் தட்டுவார். நான் திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். கவுன் போட்ட பெண்மணி ஒருவரையும் எங்கள் பங்கில் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் பியானோ இருக்க வேண்டிய இடத்தில் கழற்றிப் போட்ட மோட்டார்கள் கிடக்கின்றன. என் வீட்டுக்காரர் சவரிமுத்து பழநி ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு சாம்பிராணி வாசனையை விட வார்னிஷ் வாசனைதான் அதிகம்.

இப்போது சினிமா மட்டும் இல்லை. ரீல்ஸ், மீம்ஸ், வெப் சீரிஸ் என்று எல்லாம் பிள்ளைகள் கையிலேயே இருக்கிறது. ஒருநாள் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பொடிசு எழுந்து, “மிஸ், செத்தவர் கடைசில திரும்பி வர்றது எல்லாப் படத்துலயும் இருக்கே. இதுல என்ன புதுசு?” என்று கேட்டது. வகுப்பே சிரித்தது.

நான் விடவில்லை. “உங்க ஹீரோல்லாம் எதுக்குடா திரும்பி வர்றாங்க?” என்றேன்.

“வில்லன கொல்ல மிஸ்.”

“இயேசு திரும்பி வந்து என்ன பண்ணார்? தன்னைக் கொன்னவங்க வீட்டுப் பக்கமே போகல. ஏரிக்கரையில நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, விட்டுட்டு ஓடிப்போன சிநேகிதங்களக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். இப்படி ஒரு படம் எவனாச்சும் எடுத்திருக்கானா?”

கேட்ட பொடிசு உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாரம் முழுவதும் இதையே பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்படி எதற்கும் என்னிடம் பதில் உண்டு. துண்டுப் பிரசுரம் எழுதுவது நான், அச்சடிப்பது அருளப்பன். ஒரு படத்தில் சாமியாரோடு வாய்த்தகராறு, ஒரு சீரியலில் சிலுவையைக் கண்டு பேய் ஓடவில்லை, எல்லாவற்றுக்கும் பிரசுரம் போட்டோம். சிலுவையைக் கண்டு பேய் ஓடினால் ஆதரித்துப் போடுவதா எதிர்த்துப் போடுவதா என்று மட்டும் மன்றத்தில் இன்னும் முடிவாகவில்லை.

மரத்தடிக் கத்தோலிக்கர்

ஊருக்கெல்லாம் பதில் சொன்ன எனக்கு, என் வீட்டுக்காரரிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை. காரணம், அவர் கேள்வியே கேட்கமாட்டார். கேள்வி கேட்காத மனிதரிடம் எப்படி வாதாடுவது?

எந்தப் பங்கிலும் இப்படிப்பட்ட ஆண்கள் உண்டு. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவார்கள், உள்ளே மட்டும் வரமாட்டார்கள். வெளியே மரத்தடியில் பைக்கின் மேல் சாய்ந்துகொண்டு, பிரசங்கம் முடியும்வரை மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் பேசுவார்கள். மணி அடித்தால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். இவர் அந்தக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு என்று இவர் கடைசியாக மண்டியிட்டது எங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள். இப்போது அதை ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம். பெயர் மாறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஏன் உள்ளே வரமாட்டார் என்பது எனக்குப் பாதி தெரியும். செம்பட்டிப் பக்கத்தில் அவருடைய அண்ணன் ஆரோக்கியம் இருக்கிறார். அண்ணன் தம்பிக்குப் பொதுக் கிணறு. தண்ணீர் முறையில் ஏதோ பேச்சு வளர்ந்து, ஒரு கோடையில் அண்ணன் மோட்டார் எரிந்தபோது, ஊர் மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டிக்கொடுக்கிற இவர் அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பயிர் காய்ந்தது. அதோடு பேச்சுவார்த்தையும் காய்ந்துபோனது. இது ஊருக்கே தெரிந்த கதை.

மீதிப் பாதி என்ன என்று எனக்குத் தெரியாது. ஏதோ இருக்கிறது என்பது மட்டும், அண்ணன் பெயரை எடுத்தால் இவர் எழுந்து போய்விடுவதிலிருந்து தெரியும். நானும் இவர் மனம் மாற வேண்டும் என்று அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் நவநாள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒண்ணு ரெண்டு மூணு நாலு

அப்போதுதான் எங்கள் கோவிலுக்கு ஷூட்டிங் வந்தது. ‘நல்ல குடும்பப் படம், ஒரு கல்யாண சீன், ஒரு பிரசங்க சீன்’ என்று சொல்லி அனுமதி வாங்கியிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று, மேற்பார்வைக்கு, பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்திலிருந்து ஒரு சாமியார் வருவார் என்று எங்கள் பங்குத்தந்தை சொல்லியிருந்தார். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் பங்கே திரண்டு வந்தது. இருக்கிறதில் நல்ல துணியாகக் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். மாம்பழ நிறச் சேலை வெளியே வந்தது.

சாமியார் வேடத்தில் ஒரு நடிகர். பல படங்களில் பார்த்த முகம், பெயர்தான் வாயில் வராது. வெள்ளை அங்கியும் வழுக்கை ஆரம்பித்த நெற்றியுமாக அவர் வந்து நின்றபோது, அசல் சாமியாரே தோற்றுவிடுவார். வயதான பெண்கள் வரிசையாகப் போய், “ஸ்தோத்திரம் சாமி” என்று கும்பிட்டார்கள். நடிகர் தவித்துப்போய் இரண்டு கையையும் தூக்கித் திருப்பிக் கும்பிட்டார்.

அவர் பீடத்தில் நின்று, “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்றார். அந்த இடத்தில் நாங்கள் சும்மா இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிறந்ததிலிருந்து பழகிய வாய் சும்மா இருக்குமா? கோவிலே அதிர, “உம் ஆன்மாவோடும் இருப்பாராக!” என்றோம். உதவி இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் சொன்னோம். கடைசியில் இயக்குநரே, “விடுப்பா, இதுவே நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டார்.

பிறகு கதாநாயகன் எழுந்து சாமியாரைப் பார்த்து ஆவேசமாகப் பேச வேண்டும். அந்தத் தம்பிக்கு வசனம் வரவில்லை. டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று, கண் சிவக்க, நரம்பு புடைக்க, “ஒண்ணு ரெண்டு மூணு நாலு! அஞ்சு ஆறு ஏழு எட்டு!” என்று கத்தினார். “பிடிச்சவங்கள யாரையாச்சும் நெனச்சுக்கிட்டு கை தட்டுங்க” என்றார்கள். நான் என் பள்ளிக்கூடத்தில் எனக்கு நடந்த வழியனுப்பு விழாவை நினைத்துக்கொண்டேன். கண் கலங்கியது அதற்குத்தான்.

அந்த எண்களுக்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நானோ கணக்கு டீச்சர்.

கூண்டுக்குள்

மதியம் சாப்பாட்டுக்கு விட்டார்கள். பக்கத்துப் பள்ளிக்கூட ஷெட்டில் பந்தி. கோவில் காலியாகிவிட்டது. நான் பிரஷர் மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். அதைக் கொண்டுவந்து கொடுக்க என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தார். என்னைத் தேடிக் கோவிலுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்.

ஓரத்தில் பாவசங்கீர்த்தனக் கூண்டு. அதற்குள் வெள்ளை அங்கி தெரிந்தது. முகம் தெரியாத ஒரு சாமியார் தனியாக உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சொந்தப் பங்குத்தந்தையிடம் பாவத்தைச் சொல்லக் கூசுவார்கள். தினம் முகத்தில் விழிக்க வேண்டியவர் ஆயிற்றே! வெளியூர்த் திருவிழாக்களில், இனி பார்க்கவே போவதில்லை என்கிற சாமியாரிடம் போய்க் கொட்டிவிட்டு வருவார்கள். இவரும், ஆயர் இல்லத்திலிருந்து வருவதாகச் சொன்ன சாமியார் கூண்டுக்குள் இருப்பவர்தான் என்று நினைத்துக்கொண்டார். என்ன தோன்றியதோ, போய் மண்டியிட்டுவிட்டார்.

நான் ஷெட்டிலிருந்து வந்தபோது அவர் கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. மாத்திரையை என் கையில் வைத்தார்.

“செம்பட்டிக்கு இப்ப பஸ் இருக்குமா?”

“எதுக்குங்க?”

“அண்ணனப் பாத்துட்டு வாரேன்.”

மறுநாள்தான் வந்தார். தோளில் ஒரு கட்டு முருங்கைக்காய். முகத்தில் நான் கல்யாணமான புதிதில் பார்த்த ஒரு தெளிவு. வெகுநேரம் கழித்து அவராகவே சொன்னார்.

“ஆயர் இல்லத்துச் சாமிகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். உள்ள ஒருதரம் செருமுனாரு. பெறகு, ‘உங்க அண்ணன் உயிரோட இருக்காரா?’ன்னு கேட்டாரு. இருக்காருன்னேன். ‘அப்ப இன்னைக்கே போயிப் பாருங்க’ன்னாரு. அம்புட்டுத்தான்.”

“பரிகாரத்துக்கு ஜெபம் ஒண்ணும் சொல்லச் சொல்லலையா?”

“இல்ல.”

எனக்கு லேசாக உறுத்தியது. பாவசங்கீர்த்தனம் என்றால் மூன்று ‘அருள் நிறைந்த மரியே’யாவது கொடுப்பார்கள். ஆயர் இல்லத்தில் இருப்பவர்கள் நிறையப் படித்தவர்கள், புது முறையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை இவர் மரத்தடியைத் தாண்டி உள்ளே வந்து என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தோணியார் நவநாளின் பலன் என்று மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். பலர் என்னிடம் நவநாள் புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடை எதிரே ஒரு போஸ்டர்

மாதங்கள் ஓடின. ஒருநாள் மதியம் இவர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

“டீச்சரம்மா, நான் யார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன்?”

“ஆயர் இல்லத்துச் சாமி...”

“எங்கடைக்கு எதுத்தாப்புல செவுத்துல ஒட்டிருக்கான். போயிப் பாரு.”

போய்ப் பார்த்தேன். முன்னால் கதாநாயகன். பின்னால் வெள்ளை அங்கி, கழுத்தில் சிலுவை, கையில் துப்பாக்கி, வழுக்கை ஆரம்பித்த அதே நெற்றி. ஊரை ஏமாற்றும் போலிச் சாமியாரின் கதையாம். நேரே பங்குத்தந்தையிடம் போய், அன்றைக்கு ஆயர் இல்லத்திலிருந்து யார் வந்தார்கள் என்று விசாரித்தேன். “யாரும் வரல டீச்சர். வரவேண்டியவருக்குக் காய்ச்சல்” என்றார். வெயில் நேரத்தில் அந்த நடிகர் கொஞ்சம் கண்ணயரலாம் என்று கூண்டுக்குள் ஒதுங்கியிருக்கிறார். அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை. வயிற்றெரிச்சல். இத்தனை வருஷம் பேசிப் பேசி என்னால் அசைக்க முடியாத மனிதரை, தூக்கக் கலக்கத்தில் ஒரு சினிமாக்காரர் ஒரே வாக்கியத்தில் செம்பட்டிக்கு அனுப்பிவிட்டாரே! என் வீட்டுக்காரர் மனதில் இருக்கும் மீதிப் பாதி, எனக்குத் தெரியாதது, அந்த ஆளுக்குத் தெரியுமே!

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். “அது செல்லுமா, செல்லாதா?”

விசுவாசத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. மறைக்கல்வி டீச்சருக்கு இது கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பதில். குருப்பட்டம் பெறாதவர் பாவமன்னிப்புக் கொடுக்க முடியாது. சொன்னால் இவர் திரும்ப மரத்தடிக்குப் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. செல்லும் என்று சொன்னால் நான் பொய்க்காரி. வாழ்க்கையில் முதன்முறையாக, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பங்குத்தந்தை சின்ன வயதுக்காரர். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

“பாதர், ஒருத்தர், சாமியார் இல்லாதவர்கிட்ட சாமியார்னு நெனச்சு, அழுது பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா?”

“யாரு டீச்சர் அந்த ஒருத்தர்?”

“ஒருத்தர், பாதர்.”

அவர் சிரிக்கவில்லை. “பாவசங்கீர்த்தனம் செல்லாது. ஆனா அவர் அழுதாருல்ல, அது நடிப்பு இல்லையே? பாவத்துக்கு வருந்துற அந்த மனஸ்தாபத்தக் கடவுள் செல்லாதுன்னு தள்ளமாட்டார். எங்கிட்ட ஒருதரம் வரச் சொல்லுங்க, முறைப்படி முடிச்சிரலாம்.”

ஓடிவந்து இவரிடம் சொன்னேன். இவர் தலையாட்டினார்.

“மனஸ்தாபம் நெசந்தான். அது எனக்குத் தெரியும். என் பயம் அதில்ல.”

“பெறகு?”

“அண்ணன்கிட்ட பேசிட்டேன், சிரிச்சுட்டேன், சாப்பிட்டுட்டும் வந்துட்டேன். நான் பண்ணத மட்டும் அவர்கிட்ட சொல்லல. அது அந்தக் கூண்டுக்குள்ள மட்டுந்தான் இருக்கு. இப்ப அந்த ஆளு நாளைக்கு டிவில உக்காந்து, திண்டுக்கல்ல ஒருத்தன் வந்தான், இப்படிச் சொன்னான்னு கதை விட்டான்னா? அண்ணன் கேட்டா அம்புட்டும் போச்சு.”

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பற்றி, சாமியார் என்றால் தலையே போனாலும் வாயைத் திறக்கக் கூடாது. நடிகருக்கு என்ன கட்டுப்பாடு? வாயைத் திறப்பதுதானே அவர் தொழில்.

மறுபடி தியேட்டர் வாசல்

இந்த நிலைமையில்தான் நான் மைக்கோடு நின்றேன். அந்தப் பெண் செல்போனை நீட்டியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குள் மறைத்தேன். அருளப்பன் உதவிக்கு வந்தார். “அது கிராபிக்ஸ்மா!” என்றார். அடுத்த பெஞ்சில் அருளப்பனும் கை தட்டிக்கொண்டிருந்ததை அவள் நகர்த்திக் காட்டினாள்.

அதற்குள் எங்கள் கூட்டத்திலேயே ஒரு சலசலப்பு. தாங்கள் எந்தப் பெஞ்சில் வருகிறோம் என்று ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் ‘எதிரி என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ள’ உள்ளே போனார். அவருக்குத் துணையாக இன்னொருவர். காட்சி தொடங்கும்போது பேனரைப் பிடிக்க ஆள் இல்லை.

வெளியே வந்தவர்கள் சொன்னார்கள். ‘ஒண்ணு ரெண்டு மூணு நாலு’ இருந்த இடத்தில் இப்போது, “கடவுள் பாத்துக்குவார்னா, உண்டியலுக்கு எதுக்குய்யா திண்டுக்கல் பூட்டு?” என்று வசனமாம். தியேட்டரே கை தட்டியிருக்கிறது. எங்கள் பங்கில் பாதிப்பேர் பூட்டுப் பட்டறைக் குடும்பம். ஊர்ப் பெயரைக் கேட்டதும் விசில் அடித்ததில் அவர்களும் உண்டு. ‘பூட்டுப் போடுவது கடவுளுக்குப் பயந்து அல்ல, உங்களுக்குப் பயந்து’ என்று அன்றைக்கே ஒரு பிரசுரம் எழுதினேன். என் பிரசுரங்களில் அது நல்ல ஒன்று. என்ன பிரயோசனம்? என் மனசு அதில் இல்லை.

பேட்டிகள்

படம் ஓடியது. எங்கள் போராட்டத்தாலும் கொஞ்சம் ஓடியது என்று அருளப்பனே ஒப்புக்கொண்டார். அந்த நடிகரைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்தார்கள். சமையல் செய்துகொண்டே ஒரு பேட்டி, காரில் போய்க்கொண்டே ஒரு பேட்டி. மனிதர் வஞ்சகமில்லாமல் பேசினார். யாருக்குக் கொசு கடித்தது, யார் வசனத்தை மறந்தார் என்று ஒன்று விடாமல் சொன்னார். ஒவ்வொன்றையும் நாங்கள் இரண்டு பேரும் சோறு இறங்காமல் உட்கார்ந்து பார்த்தோம். திண்டுக்கல் என்ற வார்த்தை வந்தாலே இவர் எட்டிச் சத்தத்தைக் கூட்டுவார்.

இவர் செம்பட்டிக்குப் போவது நின்றது. ஞாயிற்றுக்கிழமை உடம்பு சரியில்லை என்றார். மரத்தடிக்குக்கூட வரவில்லை. அண்ணன் எனக்குப் போன் போட்டார்.

“ஏம்மா ஜோஸ்பினு, தம்பி போனே எடுக்கமாட்டேங்கிறான். நான் எதுவும் தப்பாப் பேசிட்டனா?”

“அதெல்லாம் இல்ல மாமா. கடையில வேலை ஜாஸ்தி.”

“இல்லம்மா. இம்புட்டு வருசங்கழிச்சு வந்தவன். திரும்பப் போயிட்டான்னா என்னால தாங்க ஏலாது.”

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். சினிமாவிடமிருந்து விசுவாசத்தைக் காப்பாற்றுகிறவள் நான். என் வீட்டிலிருக்கிற ஒரு மனிதரின் நிம்மதி, ஒரு சினிமாக்காரரின் வாயில் இருந்தது.

அந்தப் பேட்டி ஒரு மதியம் வந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தண்ணீர்ச் சொம்பில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தோம். பேட்டி எடுத்த பையன் துறுதுறுவென்று இருந்தான்.

“சார், திண்டுக்கல் ஷூட்டிங்ல மறக்க முடியாத சம்பவம் ஏதாச்சும்?”

நடிகர் யோசித்தார். “ஒருநாள் மத்தியானம் சரியான வெயில். செத்த கண்ண மூடலாம்னு அந்தப் பாவமன்னிப்புக் கூண்டுக்குள்ள போயி உக்காந்தேன்.”

என் வீட்டுக்காரர் பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்திருந்தார்.

“அங்கியோடயா சார்? ஐயோ! யாராச்சும் நெஜ ஃபாதர்னு நெனச்சு வந்து பாவத்தச் சொல்லிட்டாங்களா?”

நடிகர் பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். நிதானமாகக் குடித்தார். மூடியைத் திருகி மூடினார்.

“இல்லப்பா. யாரும் வரல. நல்லாத் தூங்கிட்டேன்.”

“அடடா, வந்திருந்தா செம கன்டென்ட் சார்!”

“என்ன பண்றது?” என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இவர் செல்போனை அணைத்தார். கை கழுவிவிட்டு வந்து, துண்டில் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே நின்றார். வெகுநேரம் துடைத்தார்.

“சனிக்கெழம நம்ம பாதர் பாவசங்கீர்த்தனம் கேக்குறாருல்ல?”

“ஆமா.”

“போறேன். என்னோடதச் சொல்லிட்டு, அந்தாளுக்கும் சேத்துச் சொல்லிட்டு வாரேன்.”

“அவருக்கா? எதுக்கு?”

“எனக்காகப் பொய் சொல்லிருக்காரு. பொய்யி பாவந்தான?”

ஒருவர் பாவத்தை இன்னொருவர் போய் அறிக்கையிட முடியாது. பாவம் செய்தவருக்கு மனஸ்தாபம் இருக்க வேண்டும், அந்த நடிகர் முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. அவர் கிறிஸ்தவரா என்றே தெரியாது. இவ்வளவும், மறைக்கல்விப் புத்தகத்தின் பத்தி எண்களோடு, நாக்கு நுனிவரை வந்து நின்றது.

“பெறகு அப்படியே அண்ணன்கிட்ட போறேன்” என்றார் இவர். “அந்தாளு வாயத் தொறக்கல. இனி நானாத் தொறந்தாத்தான் உண்டு. அண்ணன் அடிச்சா அடிக்கட்டும்.”

நான் அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தேன்.